டிபிஐ எண்ணைப் பார்த்து மவுஸ் வாங்காதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

பழைய கேமிங் மவுஸுக்கு மாற்று தேடுகிறவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் மவுஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இடது பட்டனை ஒருமுறை அழுத்தினால் இரண்டு கிளிக்காக விழுகிறது. விளையாட்டில் ஒரு குண்டு சுட நினைத்தால் இரண்டு போகிறது. புதிது வாங்குவதா, ரிப்பேர் பார்ப்பதா? – வாசகர், கோவை

கோளாறு சுவிட்சில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் முதன்மை பட்டனை ‘ரைட்’ என்று மாற்றிவிட்டுச் சிறிது நேரம் வேலை செய்யுங்கள். வலது பட்டன் ஒழுங்காக நடந்துகொண்டு, இடது பட்டனுக்குப் போன ரைட் கிளிக் மட்டும் இரண்டு முறை விழுந்தால் இடது சுவிட்ச்தான் குற்றவாளி. இன்னொரு சோதனை: ஒரு ஃபைலைப் பிடித்து, பட்டனை விடாமல், திரை முழுக்க மெதுவாக இழுத்துச் சுற்றுங்கள். பாதி வழியில் ஃபைல் நழுவி விழுந்தால், பட்டன் அழுந்தியிருக்கும்போதே தொடர்பு அறுகிறது.

பட்டனுக்கு அடியில் உள்ள மைக்ரோ சுவிட்சுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று வளைந்து நிற்கிறது. அழுத்தும்போது அது சட்டென்று இறங்கி எதிர்முனையைத் தொடும். தொட்ட கணத்தில் சில முறை துள்ளும். இந்தத் துள்ளலைத் தனித்தனி கிளிக்காக எண்ணாமல் இருக்க, மவுஸுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் சில மில்லி விநாடிகளுக்குக் காதைப் பொத்திக்கொள்ளும். அந்த இடைவெளிக்கு டிபவுன்ஸ் என்று பெயர். நாளாக ஆகத் தகட்டின் இறுக்கம் தளரும், முனைகளில் ஆக்சைடு படியும். மவுஸுக்குள் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அந்தப் படலத்தை எரித்து நீக்க அதற்குச் சக்தி இல்லை. துள்ளல் டிபவுன்ஸ் நேரத்தைத் தாண்டும்போது ஒரு கிளிக் இரண்டாகிறது.

வாரண்டி மிச்சமிருந்தால் திருகாணியைத் தொடாதீர்கள். பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வாரண்டி முடிந்துவிட்டதென்றால், மவுஸின் சாஃப்ட்வேரில் டிபவுன்ஸ் நேரத்தைக் கூட்டும் வசதி இருக்கிறதா பாருங்கள். எல்லா பிராண்டிலும் இருக்காது. இருந்தால் 4 மில்லி விநாடியை 10 அல்லது 12 ஆக்கிப் பார்க்கலாம். கிளிக் கொஞ்சம் தாமதமாகப் பதிவாகும், ஆனால் இன்னும் சில மாதம் ஓட்டலாம். பட்டன் இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் அடிப்பது பெரும்பாலும் தற்காலிக நிவாரணம்தான்.

நிரந்தரத் தீர்வு சுவிட்சை மாற்றுவது. சால்டரிங் பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. திருகாணிகள் அநேகமாக மவுஸின் அடிப்பாதங்களுக்குக் கீழேதான் ஒளிந்திருக்கும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் பாதங்கள் மடங்காமல் உரியும். மேல் ஓட்டைத் தூக்கும்போது முழு வேகத்தில் இழுக்காதீர்கள். உள்ளே மெல்லிய ரிப்பன் கேபிள் ஒன்று மேல் ஓட்டையும் கீழ் போர்டையும் இணைத்திருக்கலாம், அதைக் கிழித்துவிட்டு மவுஸையே இழந்தவர்கள் நிறைய.

சுவிட்சுக்கு மூன்று கால்கள். கழற்றும் முன் மேலே உள்ள சிறு குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் பொருத்தினால் பட்டன் சரியாக அழுந்தாது. பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் ஏற்றி உருக்கினால் சுலபமாக இளகும், பிறகு அதை ‘சக்கர்’ எனும் ஈயம் உறிஞ்சும் கருவியால் உறிஞ்சுங்கள். சூடு 340 டிகிரி அளவில் போதும். ஒரு காலில் மூன்று நான்கு விநாடிக்கு மேல் முனையை வைத்தால் போர்டிலுள்ள செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். இங்கேதான் முதல்முறை செய்கிறவர்கள் கெடுத்துக்கொள்கிறார்கள். இடதை மட்டும் மாற்றாமல் வலதையும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரு பட்டனின் அழுத்தமும் வேறு வேறாக இருந்து விரலை உறுத்தும்.

எந்த சுவிட்ச்? பல மவுஸ்களில் வருவது ஓம்ரானின் டி2எஃப்சி வரிசை. 2 கோடி, 5 கோடி கிளிக் என்று ஆயுள் போட்டிருப்பார்கள். ஓம்ரானின் ஜப்பான் தயாரிப்பான டி2எஃப்-01எஃப் தரவுத்தாளில் அதைவிடக் குறைந்த ஆயுள்தான் காட்டுகிறது. ஆனாலும் ரிப்பேர் தெரிந்தவர்கள் அதைத்தான் தேடிப் போகிறார்கள். காரணம், அதன் தொடுமுனைகள் மிகச் சிறிய மின்னோட்டத்துக்கென்றே செய்யப்பட்டவை, மவுஸுக்குத் தேவையானதும் அதுதான். கொஞ்சம் கெட்டியான, சத்தமான கிளிக் பிடிக்கும் என்றால் கைல் ஜிஎம் 8.0 நல்லது. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் லூஸாக வாங்கும்போது போலி கலந்திருக்கும், நான்கு வாங்கி நல்ல இரண்டைப் பொருத்துங்கள்.

சால்டரிங் தெரியாது, கூலி கொடுத்துச் செய்ய வேண்டும், மவுஸின் விலையே ஆயிரத்துச் சொச்சம்தான் என்றால் புதிதே வாங்கிவிடலாம். அப்படி வாங்கும்போது ஆப்டிகல் சுவிட்ச் உள்ளதைப் பாருங்கள். உலோகத் தொடர்புக்குப் பதில் ஒளிக்கற்றை வெட்டுப்படுவதை வைத்து கிளிக் பதிவாவதால் துள்ளலும் இல்லை, இரட்டைக் கிளிக்கும் இல்லை. ரேசர் 2019இல் வைப்பர் மவுஸில் இதைக் கொண்டுவந்தது. லாஜிடெக் 2022இல் ஜி502 எக்ஸில் ஒளியையும் உலோகத் தகட்டின் உணர்வையும் கலந்த ‘லைட்ஃபோர்ஸ்’ சுவிட்சைக் கொடுத்தது. ஒரு குறை: ஆப்டிகல் சுவிட்ச் கெட்டால் கடையில் சில்லறையாகக் கிடைப்பது கடினம்.

ஒரே விலையில் ஒன்றில் 7,200 டிபிஐ என்றும், இன்னொன்றில் 12,000 என்றும் போட்டிருக்கிறது. விலை கூடியதில் 26,000. எவ்வளவு இருந்தால் போதும்? – வாசகர், திருநெல்வேலி

1,600 போதும். பெரும்பாலோர் 400க்கும் 1,600க்கும் நடுவில்தான் விளையாடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் எத்தனை புள்ளி நகரும் என்ற எண். உங்கள் திரையின் அகலம் 1,920 பிக்சல் என்றால், 800 டிபிஐயில் ஓரத்திலிருந்து ஓரம் போக மவுஸை 2.4 அங்குலம், அதாவது சுமார் 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 26,000 டிபிஐயில் 2 மில்லிமீட்டர்கூட வேண்டாம். மூச்சு விட்டாலே அம்புக்குறி ஓடிவிடும். யாரும் அந்த அளவில் பயன்படுத்தப்போவதில்லை. பெட்டியில் பெரிதாக அச்சடிக்கத்தான் அந்த எண்.

மலிவு மவுஸ்களில் இன்னொரு தந்திரம் உண்டு. மவுஸின் அடியில் அசைவை அளக்கும் சென்சார் உண்மையில் அளப்பது குறைவாக இருக்கும். மிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பெருக்கிக் காட்டுவார்கள். அப்படிப் பெருக்கும்போது அசைவு வழவழப்பாக வராமல் தாவித் தாவி வரும்.

பார்க்க வேண்டியது சென்சாரின் பெயரை. பெயரே போடவில்லை என்றால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3360 சென்சார் விநாடிக்கு 250 அங்குல வேகம் வரை பிடி நழுவாமல் பின்தொடரும், அதாவது விநாடிக்கு 6 மீட்டருக்கும் மேல். கையை எவ்வளவு வீசினாலும் அந்த எல்லையைத் தொடுவது அரிது. அதன் பின் வந்த 3395க்கு 650 அங்குலம். லாஜிடெக்கின் ஹீரோ சென்சார்களும் இதே தரத்தில் இருப்பவை. இவற்றில் எது இருந்தாலும் சென்சாரைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு மிச்சப் பணத்தை வடிவத்துக்கும் சுவிட்சுக்கும் ஒதுக்குங்கள். பெயரில்லாத சென்சாரில் மவுஸைச் சட்டென்று வீசினால் பார்வை வானத்தையோ தரையையோ பார்த்து நின்றுவிடும். அதுதான் வேக எல்லை தாண்டியதன் அடையாளம்.

கை நீளம் 17.5 செ.மீ. இதுவரை பெரிய மவுஸ் வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் விளையாடினால் சுண்டுவிரல் பக்கம் வலிக்கிறது. அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது? – வாசகி, சேலம்

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். பிடிக்கும் வடிவம் சரியில்லாத மவுஸை எந்த சென்சாராலும் காப்பாற்ற முடியாது.

மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். அடுத்து உங்கள் பிடி எந்த வகை என்று பாருங்கள். உள்ளங்கை முழுவதும் மவுஸின் முதுகில் படுத்திருந்தால் பாம் கிரிப். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் மவுஸின் பின்புறத்தைத் தொட்டு, விரல்கள் வளைந்து நின்றால் கிளா கிரிப். உள்ளங்கை தொடாமல் விரல் நுனிகளால் மட்டுமே நகர்த்தினால் ஃபிங்கர்டிப். விளையாட்டு சூடு பிடித்த நேரத்தில் கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சும்மா வைத்துப் பார்க்கும்போது எல்லோருக்கும் பாம் கிரிப் போலத்தான் தெரியும்.

உங்கள் கைக்குப் பாம் கிரிப்பில் 115 முதல் 120 மில்லிமீட்டர் நீளம் இதமாக இருக்கும். கிளா, ஃபிங்கர்டிப் என்றால் இன்னும் சிறியதும் ஒத்துவரும். கடையில் சுலபமாகக் கிடைப்பவற்றில் லாஜிடெக் ஜி102 நீளம் 116.6, அகலம் 62, உயரம் 38 மில்லிமீட்டர், எடை 85 கிராம். ரேசர் டெத்ஆடர் வி2 நீளம் 127, உயரம் 42.7 மில்லிமீட்டர், 19 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கைகளுக்கு ஏற்றது. ஜி502 ஹீரோவின் நீளம் 132, எடை 121 கிராம், அதோடு 3.6 கிராம் எடைக்கட்டிகள் ஐந்து வேறு தருகிறார்கள். உங்கள் கைக்கு அதை நாங்கள் சொல்லவே மாட்டோம்.

சுண்டுவிரல் வலிக்கு இரண்டு காரணம் இருக்கலாம். மவுஸ் அகலமாக இருந்தால் அதைத் தூக்கவும் இறுக்கவும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருக்கும். மவுஸ் ஒல்லியாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் பேடில் உரசும். பெரிய மவுஸ் என்கிறீர்கள், அதனால் முதல் காரணம் என்றே தோன்றுகிறது. எடையும் சேர்ந்துகொள்ளும்: குறைந்த சென்சிடிவிட்டியில் (மவுஸை அதிக தூரம் நகர்த்தினால்தான் பார்வை திரும்பும் அமைப்பில்) விளையாடுகிறவர் ஒரு மாலைக்குள் மவுஸை நூற்றுக்கணக்கான தடவை தூக்கி வைக்கிறார். 60 முதல் 85 கிராம் வரை உள்ளதைப் பாருங்கள். வலி தொடர்ந்தால் மவுஸை மட்டும் குறை சொல்லாமல் மேசை உயரத்தையும் கவனியுங்கள். முழங்கை செங்கோணத்தில் மடங்கி, மணிக்கட்டு மேல்நோக்கி வளையாமல் இருக்க வேண்டும்.

கடையில் டெமோ மவுஸ் இருந்தால் மூன்று விஷயம் செய்து பாருங்கள். கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் பிடித்து ஒரு சென்டிமீட்டர் தூக்குங்கள், பிடியை இறுக்காமலே வர வேண்டும். பிடியை மாற்றாமல் இரண்டு பக்கவாட்டு பட்டன்களையும் அழுத்துங்கள். கடைசியாக, கையை அசைக்காமல் விரல்களை மட்டும் மடக்கி மவுஸை உங்களை நோக்கி இழுங்கள்; பின்முதுகு உள்ளங்கையில் இடித்துச் சீக்கிரமே நின்றால் அது உங்களுக்கு நீளம்.

வயர்லெஸ் மவுஸ் வாங்கினேன். இடையிடையே அம்புக்குறி நின்று நின்று போகிறது. பேட்டரி புதிது. மாற்றிக் கேட்கலாமா? – வாசகர், யாழ்ப்பாணம்

மாற்றும் முன் ரிசீவரை, அதாவது மவுஸின் சிக்னலை வாங்கும் குட்டி யுஎஸ்பி துண்டை, எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கேபினெட்டின் பின்புறம், நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில், பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ இருந்தால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. யுஎஸ்பி 3 இணைப்பிலிருந்து கிளம்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. இன்டெல் இதைப் பற்றி 2012இலேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. உங்கள் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். பெட்டியில் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிள் வந்திருக்கும், பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பயன்படுத்தி ரிசீவரை மேசைமேல், மவுஸிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும்.

அப்படியும் தடுமாறினால் மவுஸைக் கவிழ்த்து சென்சார் துளையில் முடி சிக்கியிருக்கிறதா பாருங்கள். இது சிரிப்புக்குச் சொல்வதல்ல, அடிக்கடி நடப்பது. புளூடூத் வசதியும் உள்ள மவுஸ் என்றால் அதில் இணைந்திருக்கவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். புளூடூத் ஆபீஸ் வேலைக்குச் சரி, விளையாட்டுக்குத் தாமதம்.

ஏஏ பேட்டரி போடும் ஜி304 (சில நாடுகளில் ஜி305) வைத்திருப்பவர்களுக்கு ஓர் உபரித் தகவல்: சாதாரண அல்கலைன் செல் சுமார் 23 கிராம், லித்தியம் செல் 15 கிராம். செல்லை மாற்றினாலே மவுஸ் 8 கிராம் இளைத்துவிடும், பின்பக்கமும் லேசாகும்.

புது மவுஸிலும் பழைய அதே 800 டிபிஐ, அதே சென்சிடிவிட்டிதான். ஆனால் குறி தப்புகிறது. ஏன்? – வாசகர், ஓசூர்

இரு மவுஸிலும் 800 என்று எழுதியிருந்தாலும் உண்மை அளவு சில சதவீதம் கூடக் குறைய இருக்கும். அதனால் டிபிஐயை நம்பாமல் சென்டிமீட்டரை நம்புங்கள். விளையாட்டில் ஒரு சுவரின் மூலையைக் குறிபார்த்து நின்று, ஒரு முழுச் சுற்று சுற்றி அதே மூலைக்கு வர மவுஸ் பேடில் எத்தனை சென்டிமீட்டர் நகர்த்துகிறீர்கள் என்று பழைய மவுஸில் அளந்துகொள்ளுங்கள். புதியதில் அதே தூரம் வரும்வரை சென்சிடிவிட்டியைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

காகிதக் கணக்கும் உண்டு. வேலரன்ட் விளையாட்டில் 914.4ஐ எடுத்து, டிபிஐ, சென்சிடிவிட்டி, 0.07 ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுத்தால் முழுச் சுற்றுக்கான சென்டிமீட்டர் வரும். 800 டிபிஐ, 0.4 சென்சிடிவிட்டி என்றால் சுமார் 40.8 சென்டிமீட்டர். கவுன்டர் ஸ்டிரைக் 2இல் 0.07க்குப் பதிலாக 0.022 போட வேண்டும். அதனால்தான் வேலரன்ட் எண்ணை 3.18 ஆல் பெருக்கி அங்கே கொண்டுபோகிறார்கள்.

புது மவுஸ் செருகியதும் விண்டோஸில் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ டிக்கை எடுத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். அது இருந்தால் கையின் வேகத்துக்கேற்ப தூரமும் மாறும். ரா இன்புட் (மவுஸின் அசைவை விண்டோஸ் மாற்றாமல் அப்படியே வாங்கும் வசதி) உள்ள விளையாட்டுகளை அது பாதிக்காது, மற்றவற்றில் பாதிக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ இடித்தால், சென்சார் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். மணிக்கட்டைத் திருப்பி விளையாடுகிறவருக்கு, சென்சார் முன்பக்கம் தள்ளியிருந்தால் அதே திருப்பலுக்கு அம்புக்குறி கூடுதலாக ஓடும். எண்ணால் இதைச் சரிசெய்ய முடியாது, ஓரிரு வாரத்தில் கை பழகிவிடும்.

8,000 ஹெர்ட்ஸ் மவுஸ் வாங்கலாமா? என்னிடம் பழைய ஐ3, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். – வாசகர், புதுச்சேரி

வேண்டாம். 125 ஹெர்ட்ஸில் மவுஸ் 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை தகவல் சொல்லும், 1,000இல் 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை. இந்தத் தாவல் கையில் தெரியும். 8,000க்குப் போனால் மிச்சமாவது ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. உங்கள் மானிட்டர் ஒரு படத்தை மாற்றவே 16.7 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் பழைய பிராசஸருக்கு அது சுமை, விளையாட்டின் ஃபிரேம் எண்ணிக்கையே சரியக்கூடும். அந்தப் பணத்தில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குச் சேர்த்து வையுங்கள்.

நான் இடதுகைக்காரன். மவுஸ் வாங்கும்போது எதைப் பார்ப்பது? – வாசகர், திருச்சி

வடிவம் இருபக்கமும் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் போதாது, பக்கவாட்டு பட்டன்கள் வலதுபுறமும் இருக்க வேண்டும். லாஜிடெக் ஜி புரோ வயர்லெஸில் அவற்றைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டலாம். ஆனால் அதன் வழிவந்த சூப்பர்லைட்டில் இடதுபுறம் மட்டுமே. ரேசர் வைப்பரின் முதல் மாடலில் இருபுறமும் இருந்தது, வி2 புரோவில் எடுத்துவிட்டார்கள். பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டு ஏமாறுவது இதில்தான். பட்டன்களை மாற்றியமைப்பதை விண்டோஸில் செய்யாமல் மவுஸின் உள் மெமரியில் செய்யுங்கள். சில விளையாட்டுகள் விண்டோஸ் செட்டிங்கைக் கண்டுகொள்ளாது.

மவுஸின் ரப்பர் பிசுபிசு என்று ஒட்டுகிறது. ஸ்க்ரோலும் கீழே உருட்டினால் மேலே தாவுகிறது. – வாசகி, சென்னை

இரண்டும் வேறு வேறு நோய். ரப்பர் போன்ற அந்த மேல்பூச்சு ஈரக்காற்றிலும் வியர்வையிலும் நாளடைவில் சிதைந்து பசையாகிறது. கடற்கரை ஊர்களில் சீக்கிரமே நடக்கும். துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்துப் பொறுமையாகத் தேய்த்தால் பூச்சு முழுவதும் போய் அடியிலுள்ள பிளாஸ்டிக் வந்துவிடும். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் கூடாது, பிளாஸ்டிக்கே கரையும். அடுத்த மவுஸ் வாங்கும்போது ரப்பர் பூச்சில்லாத, சொரசொரப்பான பிளாஸ்டிக் உடம்பாகத் தேடுங்கள்.

ஸ்க்ரோல் தாவலுக்குக் காரணம் சக்கரத்தின் பக்கத்திலுள்ள என்கோடர் என்ற சிறு பாகம். அதற்குள் தூசியோ தேய்மானமோ சேர்ந்திருக்கும். மவுஸைத் திறந்து அதில் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டுச் சக்கரத்தை முப்பது நாற்பது தடவை உருட்டினால் பல சமயம் சரியாகும். போகாவிட்டால் என்கோடரையே மாற்ற வேண்டும். 7, 8, 9, 11 மில்லிமீட்டர் என்று பல உயரங்களில் வருவதால் பழையதை அளந்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் சக்கரம் சாய்ந்து உட்காரும்.

ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறதே, நம்பலாமா? – வாசகர், ஈரோடு

விற்பவர் யார் என்று பாருங்கள், தளத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். இந்தியாவில் முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், வருடம் ஆகியவை அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அது இல்லாத பெட்டிக்கு இங்கே வாரண்டி கேட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையில் வந்ததும் கம்பெனியின் சாஃப்ட்வேரைப் போட்டுச் செருகுங்கள். அசல் மவுஸ் என்றால் மாடல் பெயரோடு உடனே தெரியும், போலி பெரும்பாலும் தெரியவே தெரியாது. சீரியல் எண் பெட்டியிலும் மவுஸின் அடியிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஃபைல் இழுத்துப் பார்க்கும் சோதனையையும் ஸ்க்ரோலையும் இரண்டு பக்க பட்டன்களையும் பார்த்துவிடுங்கள், அதுவரை பெட்டியைக் கிழித்துப் போட வேண்டாம்.